கேமராவில் விழுந்த ஆள்

எங்கள் வீட்டைக் காவல் காக்கப் போய் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். இதை எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சூழ்நிலை அப்படி, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றெல்லாம் கணவரிடம் சொன்னேன், அலுவலகத் தோழியிடம் சொன்னேன், யாரும் இல்லாதபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடுகளின் கடைசியில் இருக்கும் மூலை வீடு. மூலை வீட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் மண் கிடைக்கும். அதில் கறிவேப்பிலை, செம்பருத்தி, சுவரோரம் ஒரு வேப்பமரம் என்று வைத்து, அதை என் எஸ்டேட் என்று சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். திருடனுக்கும் மூலை வீடுதான் பிடிக்கும் என்று வாங்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, சாவகாசமாக நாலு பேரிடம் பேசி, பூ வாங்கிக்கொண்டு திரும்பினால் பின்பக்கச் சமையலறைக் கம்பி வளைந்து கிடக்கிறது. நகை கொஞ்சம் போனது. அது போகட்டும். சாமி அறையில் குத்துவிளக்கு இருந்த இடத்தில் சேறு படிந்த சப்பாத்துத் தடம் இருந்தது. செருப்புக் காலோடு ஒருவன் சாமி அறைக்குள் நின்றிருக்கிறான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தரையை மஞ்சள் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கழுவினேன். அதற்குப் பிறகும் அந்த மூலையைக் கால் படாமல் சுற்றித்தான் போவேன்.

அன்றிலிருந்து நான் மாறிப்போனேன். என் கணவர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். "போனது போச்சு, விடு" என்றார். நான் விடுகிற ஆளா? வெல்டிங்காரரைக் கூப்பிட்டுச் சன்னல், கதவு, சமையலறை வெளிச்சம் வரும் மேல் துவாரம் வரைக்கும் கிரில் போடச் சொன்னேன். சுவருக்கு மேல் ஈட்டி மாதிரிக் கம்பி. கேட்டுக்கு இரண்டு பூட்டு, கிரில் கதவுக்கு இரண்டு, மரக் கதவுக்கு ஒன்று. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்ட, அவர் காடிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் முழுச் செய்தியறிக்கையும் கேட்டு முடித்துவிடுவார். வீட்டில் ஆண்கள் நிறைய இருப்பதாகத் தெரியட்டும் என்று அவருடைய பழைய வேலைச் சப்பாத்துகளை மூன்று ஜோடி வாசலில் வரிசையாக வைத்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் தீபாவளிக்கு வந்தபோது நான்கு கேமரா மாட்டிக் கொடுத்தான். வீட்டுப் பக்கம் ஏதாவது அசைந்தால் ஷா ஆலத்தில் என் அலுவலக மேசையில் கிடக்கும் கைப்பேசி 'டிங்' என்று கூப்பிடும்.

முதல் மாதம் பூனைக்கெல்லாம் கூப்பிட்டது. நானும் ஒவ்வொரு பூனையையும் பார்த்தேன். அலுவலகத்தில் என்னை ஜாகா என்று கிண்டல் செய்தார்கள். இந்த ஊரில் காவலாளியை அப்படித்தான் சொல்வோம். எனக்கு அந்தப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் குடியிருப்புக்கென்று கைப்பேசியில் ஒரு குழு உண்டு. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனத்தாரும் இருக்கிற குழு. தண்ணீர் நின்றால், குப்பை லோரி வராவிட்டால், யாராவது பாம்பைப் பார்த்தால் அதில் போடுவார்கள். தெரியாத காடி ஒன்று நின்றாலும் நான் படம் எடுத்துப் போடுவேன். நன்றி சிஸ், குட் ஜோப் சிஸ் என்று பதில் வரும். பிள்ளை வெளிநாட்டில், வேலையில் இருபது வருடமாக அதே மேசை. பாராட்டு என்று ஒன்று அந்தக் குழுவில்தான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நாங்கள் நட்டது, நன்றாக வளர்ந்து கிளையைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டது. ஆடி மாதம் வந்தால் நிறையப் பேர் வருவார்கள். "அக்கா, கொஞ்சம் வேப்பிலை" என்று கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள், கொடுப்பேன். திருட்டுக்குப் பிறகு யாராவது கேட்டை ஆட்டினாலே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. அதனால் அனுமதியின்றி இலை பறிக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி மரத்துக்கு நேரே சுவரில் மாட்டினேன். கணவர் அதைப் படித்துவிட்டு, "சாமிக்குக்கூடவா?" என்று கேட்டார். சாமிக்கு வேண்டுமென்றால் மணியடித்துக் கேட்கட்டும் என்றேன். அப்படித்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், அலுவலகத்தில் பசியாறிவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கூப்பிட்டது. பார்த்தால், பக்கவாட்டுக் கேமராவில் ஓர் ஆள். தலையில் தொப்பி, முகத்தில் கவசத் துணி, அதைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார். எங்கள் சுவரை ஒட்டியிருக்கும் லோங்காங் சாக்கடையின் சிமெண்ட் விளிம்பில் ஏறி நின்று, ஒரு கையைச் சுவரின் மேல் வைத்து, வீட்டுக்குள் பார்க்கிறார். கிட்டத்தட்ட நாற்பது வயது இருக்கும். அந்த ஒரு காட்சியை அப்படியே நிறுத்திப் படமாக எடுத்தேன். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சுற்றியிருந்ததை வெட்டினேன். அதற்குப் பிறகு வந்ததையோ முன்னால் இருந்ததையோ பார்க்கவில்லை. பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

குழுவில் எழுதினேன். "எச்சரிக்கை. இந்த ஆள் இன்று காலை எங்கள் வீட்டை நோட்டம் விட்டான். சுவரில் ஏறப் பார்த்தான். எங்காவது கண்டால் உடனே சொல்லுங்கள்." மலாயிலும் எழுதினேன். ஏறப் பார்த்தான் என்பது நான் சேர்த்தது. அவர் ஏறப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் எழுதும்போது அது உண்மை மாதிரியே இருந்தது. ஐந்து நிமிடத்தில் முப்பது பதில். சிலர் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள், ஒருவர் பக்கத்துத் தாமான் குடியிருப்பின் குழுவிலும் போட்டுவிட்டேன் என்றார். அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று ஞாபகம்.

சாயங்காலம் கணவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே."

"ஜெயில்ல பாத்தீங்களா?" என்று சிரித்தேன்.

"இல்லம்மா. பாத்த முகம். திருடன் மாதிரி தெரியல."

"திருடன் நெத்தில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?"

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

மறுநாள் குழுவில் ஒரு பெண் எழுதினாள்: இது நம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன்காரர் இல்லையா? அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அடுக்கு வீட்டில் குடியிருப்பவர். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரைப் பல வருடமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வேனுக்குள் இருட்டில் இருக்கும் முகத்தை யார் கூர்ந்து பார்த்தோம்? அந்த வாரம் முழுக்க அவர் வேனை ஓட்டவில்லை, அவருடைய மச்சான்தான் ஓட்டினார் என்று ஒரு தாய் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு வீட்டில் கொஞ்சம் முடியவில்லை என்று மட்டும் சொன்னாராம், என்னவென்று சொல்லவில்லையாம். இது போதாதா? வேலைக்குப் போகாமல் பகலில் வீடுகளை நோட்டம் விடுகிறான் என்று ஆயிற்று. யார் வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருக்காது என்று வேன்காரனுக்குத் தெரியாதா என்று ஒருவர் எழுதினார்.

குழுவில் பெரியவராக இருக்கும் சீன அங்கிள் நியாயமான மனிதர். மூன்று பேரை அழைத்துக்கொண்டு அடுக்கு வீட்டுக்குக் கீழே போய் நின்று, வேன்காரருக்குப் போன் போட்டு இறங்கி வரச் சொன்னார். அவர் வர முடியாது என்றார். நாங்கள் மேலே வரட்டுமா என்று கேட்டதற்கு ஐயோ வராதீர்கள் என்று பதறினாராம். நாலைந்து நாள் பொறுங்கள், நானே வந்து பேசுகிறேன் என்றாராம். தப்பு செய்யாதவன் ஏன் பயப்படுகிறான் என்று குழுவில் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அந்த வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் வேனை நிறுத்தச் சொல்லவே இல்லை என்பதை இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிறுத்தாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை.

அடுத்த வார சனிக்கிழமை, வெயில் ஏறிய நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்று "அக்கா" என்று கூப்பிட்டாள். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். கிரில் கதவைத் திறக்காமலே என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"நான் வேன்காரர் வீட்டுக்காரி."

நான் அப்போதும் திறக்கவில்லை. அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எம்மவளுக்கு அம்மா வந்திருந்துச்சுக்கா. ஒடம்பு பூரா முத்து. நேத்துத்தான் மூணாவது தண்ணி ஊத்துனோம். அதான் இன்னிக்கு வெளிய வந்தேன்."

அம்மா வந்திருந்தது என்றால் எங்களுக்குத் தெரியும். மாரியம்மன் பிள்ளையின் உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று பொருள். சின்னம்மை என்று வாயால் சொல்ல மாட்டோம். வாசலில் வேப்பிலை கட்டுவோம், பிள்ளையை வேப்பிலை மேல் கிடத்துவோம். மூன்றாவது தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுக்கு வெளியாட்கள் வரக் கூடாது. அந்த வீட்டார் பிறர் வாசலுக்குப் போய் நிற்கவும் கூடாது.

"மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு வேனைக்கூட அண்ணங்கிட்ட குடுத்துட்டாருக்கா. வேப்பிலை வேணும். கோவில் மரத்தை வெட்டிட்டாங்க. உங்க வீட்டு மரம் ஒன்னுதான் கிட்டக்க இருக்கு. அதான் வந்தாரு."

என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"அம்மா இருக்கிற வீட்லேருந்து வந்து அடுத்தவங்க வாசல்ல எப்படிக்கா கொரல் குடுக்கிறது? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். என் மகனுக்கு நாலு வயதில் வந்தபோது நானே போய் ஒரு வார்த்தை பேசாமல், எதிரே வந்தவளுக்குக்கூட முகம் கொடுக்காமல், கோவில் மரத்தில் இலை ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இலை பறிக்கப் போகிறவரிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒதுங்கி வழிவிடுவார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் தமிழர்கள். வேனில் போன பிள்ளைகள் எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் முடியவில்லை என்று சொல்லி, என்ன என்று சொல்லாமல், யாரையும் வர வேண்டாம் என்று ஒருவர் பதறினால் அது என்னவென்று ஒரு தமிழருக்குக்கூட உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டிய முதல் ஆள் நான். மரம் என்னுடையது.

கேட்டைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டேன். மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்தேன். அவள் உட்காரவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாங்கா. நீங்க போட்டது மாதிரியே, அவர் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு ஒன்னு போட்டுவிடுங்க. பிள்ளைங்க வேனுக்கு வந்தா போதும்."

அவள் போன பிறகு அன்றைய பதிவைத் தேடி எடுத்து முதன்முறையாக முழுவதும் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் துணிப் பையோடு தெருவில் நடந்து வருகிறார். எங்கள் மரத்துக்கு நேரே நிற்கிறார். நான் மாட்டிய அறிவிப்பைப் படிக்கிறார். சைகையிலாவது அனுமதி கேட்க யாராவது கண்ணில் படுகிறார்களா என்றுதான் லோங்காங் விளிம்பில் ஏறி, முகக் கவசத்தை இறக்கி, உள்ளே பார்க்கிறார். அதைத்தான் நான் வெட்டி எடுத்திருந்தேன். யாரும் இல்லை. இறங்குகிறார். அப்புறம் தார் ரோட்டில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மரத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். கண்ணை மூடியிருக்கிறார், உதடு அசைகிறது. கேமராவுக்குச் சத்தம் கிடையாது. சுவருக்கு வெளியே நீண்டிருந்த கிளையிலிருந்து நாலு கொத்து மட்டும் ஒடிக்கிறார். ஒடித்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போகிறார்.

நான் அழுதேன். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த அறிவிப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

குழுவில் எழுதினேன். நான் செய்தது தவறு, அவர் குழந்தைக்காக வேப்பிலை எடுக்க வந்தவர், முழுப் பதிவையும் பாருங்கள் என்று போட்டேன். முதல் செய்திக்கு ஐந்து நிமிடத்தில் முப்பது பதில் வந்ததல்லவா, இதற்கு நாள் முழுக்க ஆறு. அதிலும் நான்கு கட்டைவிரல். "பரவாயில்லை சிஸ், கவனமா இருந்தா நல்லதுதானே லா" என்று ஒருவர். சீன அங்கிள் மட்டும் வீடு தேடி வந்தார். தானும் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லி, ஒருநாள் போய்க் கேட்டுவிட்டும் வந்தார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பெற்றோர்களைத்தான் போய்ப் பார்த்தேன், வீடு வீடாக, கணவரையும் இழுத்துக்கொண்டு. எல்லாரும் நல்லவர்கள், உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். "எங்களுக்குப் புரியுதுக்கா. ஆனா வேற வேன் பாத்துட்டோம்" என்றார்கள். ஒரு தாய் மட்டும் மறைக்காமல் சொன்னாள். "அவர் நல்லவராவே இருக்கட்டும்கா. பிள்ளைங்க விஷயம். ஒருவாட்டி மனசுல விழுந்துருச்சு."

மறுபடியும் வேனுக்கு வந்தவர்கள் இரண்டு பிள்ளைகள், அதுவும் அண்ணன் தங்கை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வேன் ஓடாது.

அவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இன்று வேலை விட்டு வரும்போது போகலாம், நாளைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகலாம், வெள்ளிக்கிழமை நல்ல நாள். இப்படியே தள்ளினேன். என்ன முகத்தோடு போவது என்று பயம்தான், வேறொன்றுமில்லை. கடைசியில் ஒருநாள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. வேனை விற்றுவிட்டார்கள், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சுப் பழங்களை அந்த எதிர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். சுங்கை வேயில் இருக்கும் என் சித்தி மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூடவே செய்தி: "பிள்ளை பிடிக்கிற கும்பல். இந்த ஆள் வேனில் வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான். கிள்ளான், ரவாங் பக்கம் நடமாட்டம். எல்லாருக்கும் அனுப்பவும்." அதே படம். தொப்பி, சுவரின் மேல் கை, நான் வெட்டிய அதே விளிம்பு. நோட்டம் விட்டான் என்று நான் எழுதியது எத்தனை கை மாறி இப்படி ஆனதோ. சித்தி மகளைக் கூப்பிட்டு இது பொய், போட்டவள் நான்தான் என்று கத்தினேன். "எனக்கு எங்க ஒஃபிஸ்ல வந்துச்சு, அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சோ" என்றாள். அவள் யாருக்கெல்லாம் அனுப்பினாளோ அவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவர்கள் அனுப்பியவர்களை என்ன செய்வது? ஓடிவிட்ட தண்ணீரைக் கையால் அள்ளித் திரும்ப ஊற்றுகிற வேலை அது. ஒரு வாரம் செய்துவிட்டு ஓய்ந்துபோனேன்.

ரவாங் என்று அந்தச் செய்தியில் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஊரை விட்டுப் போயும் அது அவர் பின்னாலேயே போயிருக்கிறது. அவருடைய மச்சானைத் தேடிப் பிடித்து, தங்கையின் எண்ணை வாங்கிப் பேசினேன். நேரில் வர வேண்டும் என்றேன். வேன்காரரின் மனைவி, "நான் பகல்ல வேலைக்குப் போயிடுவேங்கா. அவருக்கு நைட் ஷிஃப்ட்டு. மத்தியானம் மகள ஏத்த ஸ்கூலுக்குப் போவாரு, அங்க வேணா பாருங்க" என்று பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தைச் சொன்னாள்.

இரண்டு பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று காடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளி விடுகிற நேரம். கேட்டுக்கு முன்னால் பெற்றோர்கள், பாட்டிமார்கள், வேன்காரர்கள் என்று ஒரே கூட்டம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், அவரைக் காணோம். கணவர்தான் சாலைக்கு இந்தப் பக்கம், நாங்கள் காடியை நிறுத்தியிருந்த பக்கம், காட்டினார். மூடிக் கிடந்த ஒரு சாலையோர ஒட்டுக்கடையின் பின்னால், கூரை நிழலில், மோட்டார் சைக்கிளோடு ஒருவர் நின்றிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "வாங்கக்கா, வாங்கண்ணே" என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டார். வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "நான்தான் அந்தப் படத்தைப் போட்டேன். நான்தான் வெட்டினேன். ஏறப் பார்த்தீங்கன்னு நானே எழுதினேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி வரிசையாக ஒப்பித்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குக் கோவம் இருந்துச்சுக்கா. இல்லன்னு சொல்லமாட்டேன். இப்ப இல்ல. பிள்ளைக்குத் தழும்பில்லாம ஆறிருச்சு, அது போதும்."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கை பிடித்துக்கொண்டது, ஒரு கை பையை வாங்கிக்கொண்டது. கடைசியில் ஒரு சின்னப் பெண் தனியாகக் கேட்டை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்குள் புகுந்து, சாலையோரத்தில் நின்றாள். இரண்டாம் வகுப்பு இருக்கும். முதுகில் அவளைவிடப் பெரிய பை. நடுவில் லோரிகள் போகிற சாலை.

"அவளாவா கடக்கிறா? நீங்க அந்தப் பக்கம் போயி நிக்கலாமே?" என்றேன்.

"கேட்டுக்கிட்ட நான் நிக்கிறதில்லக்கா. யாராச்சும் போன்ல பாத்திருப்பாங்க. போன வருஷம் ஒருத்தர் பாத்துட்டு எல்லாரையும் கூப்பிட்டுட்டாரு. இவ முன்னாடியே." அவர் என்னைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டா."

நான் சாலையில் இறங்கப் போனேன். அவளை நானாவது கையைப் பிடித்துக் கூட்டி வரலாம் என்று. அவர் என்னைத் தடுத்தார்.

"வேணாங்கா. தெரியாதவங்க கையைப் புடிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஒரு மணல் லோரி வந்துகொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் அப்பாவையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். லோரி கடந்து போனது. அவர் நிழலை விட்டு வெளியே வராமல், கையை மட்டும் உயர்த்தி, "இப்ப வா" என்றார்.